அமிர்தம் வைத்த ஏழாவது ரேகை

மந்தாரக்குப்பத்து மாதர் நலச் சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும் என்றார்கள். ஆறு பேர்தான் தேறினார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்டில் மண் சுமந்துவிட்டுத் தெருவோடு போன அமிர்தத்தைக் கூப்பிட்டு ஏழாவது கைரேகையை வாங்கிக்கொண்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்துக் காட்டவில்லை. மளிகைக் கடைக்காரர் மனைவி பெரியநாயகிதான் தலைவி. சங்கத்தில் அரசியல் மட்டும் கூடாது என்று அவள் சொல்லிவைத்தாள்.

அமிர்தம் இருந்த சந்தில் முப்பது குடிசை. ஒரு குழாய் கிடையாது. ஷிப்டு முடிந்து, கரி அப்பிய உடம்போடு அரை மைல் நடந்து கிணற்றடியில் வரிசை நிற்க வேண்டும். தையிலேயே கிணறு சேறாகிவிட்டது. சந்துக்காரர்கள் ரேகை வைத்துக் கொடுத்த மனு இரண்டு தரம் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் காணாமல் போனது. சங்கத்து முத்திரை இருந்தால் மதிப்பார்கள் என்று மூன்றாவது மனுவோடு அமிர்தம் தலைவி வீட்டுக்குப் போனாள்.

"சர்க்காருகிட்ட குழாய் கேக்கறது அரசியல், அமிர்தம். முத்திரை குத்தினா சங்கத்தையே ரத்து பண்ணிடுவாங்க."

அமிர்தம் பயந்துபோய்த் திரும்பினாள்.

அது அறுபத்திரண்டாம் வருஷத் தேர்தல் சமயம். மறுவாரமே பெரியநாயகி ஆள் விட்டாள். வேட்பாளர் வருகிறாராம். சங்கத்துப் பேனரைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் ஒரே நிறச் சேலையில் ஆரத்தி எடுக்க வேண்டுமாம். அமிர்தம் புருஷனை இழந்தவள், தட்டைத் தொடக் கூடாது. ஆரத்தி கரைக்க இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்தால் போதுமாம்.

"இது அரசியல் இல்லீங்களாம்மா?" என்று அமிர்தம் நேரில் போய்த் தலைவியிடம் கேட்டாள்.

"வர்றவங்களுக்கு ஆரத்தி எடுக்கறது சம்பிரதாயம்டி. உனக்கு இன்னா தெரியும்?"

குடிக்க இல்லாத தண்ணீரில் சுண்ணாம்பும் மஞ்சளும் கரைத்து ஒருத்தன் காலடியில் ஊற்றப்போகிறார்கள். மறுநாள் அமிர்தம் கூலியை விட்டுவிட்டு, சங்கத்து விதியைக் கேட்கக் கடலூருக்கு பஸ் ஏறினாள்.

பதிவு ஆபீசில் கண்ணையன் என்ற குமாஸ்தா சங்கத்துக் காகிதக் கட்டை அவிழ்த்துப் படித்தார். எந்தக் கட்சிக்கும், தேர்தலில் நிற்கிற எவருக்கும் சங்கம் வேலை செய்யாது என்பது ஐந்தாவது விதி. குழாய் கேட்கலாமா என்றாள். அவர் சிரித்துவிட்டார்.

"பொம்பளைங்க குறைய அதிகாரிங்ககிட்ட எடுத்துச் சொல்லத்தான் சங்கமே வச்சிருக்கீங்க. மொத நோக்கமே அதுதாம்மா."

அந்தத் தாளின் அடியில் அவள் ரேகை, மை அப்பிப்போய்க் கிடந்தது. இத்தனை நாள் தன் ரேகையை வைத்தே தன் வாயை அடைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் வரும்போது பெரியநாயகியைவிட, படிக்கச் சொல்லிக் கேட்காமலே ரேகை வைத்த தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

நேரே தலைவி வீட்டுக்குப் போனாள். மற்ற ஐந்து பேரும் சேலை பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லார் முன்னாலும் மனுவை நீட்டினாள்.

"கடலூருல அஞ்சாவது விதியப் படிக்கச் சொல்லிக் கேட்டுகினு வந்துட்டேம்மா. முத்திரைய இதுல குத்துங்க, பேனர மடிச்சி வையிங்க. இல்லன்னா நானே அங்க எழுதிக் குடுத்துடுவேன்."

பெரியநாயகி முத்திரையைக் குத்தித் தாளைத் தரையில் எறிந்தாள். அமிர்தம் அதைப் பொறுக்கிக்கொண்டாள். பேனர் மடிந்தது. ஆனால் வேட்பாளர் வந்த அன்று, சங்கமாக வரவில்லை, தனித்தனியாக வருகிறோம் என்று ஆறு பேரும் அதே சேலையில் தட்டோடு போனார்கள். விதியில் அதற்குத் தடை இல்லை. அமிர்தம் காறித் துப்பிவிட்டு மனுவோடு யூனியன் ஆபீசுக்கு நடந்தாள்.

யூனியன் ஆபீஸ் எழுத்தர் முத்திரையைப் பார்த்துவிட்டு, எந்தக் கட்சிச் சங்கம் என்று கேட்டார்.

"தண்ணி கேக்கற சங்கம்னு எழுதிக்குங்க, ஐயா. கட்சி வேணும்னா தட்டு புடிச்சவங்கள கேளுங்க."

அவர் ரசீது எழுதிக் கொடுத்தார். வைகாசியில் குழாய் வந்தது. தேங்காய் உடைக்கப் பெரியநாயகி முதல் ஆளாக வந்து நின்றாள். அமிர்தம் குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.

"தள்ளுங்கம்மா, ஷிப்டுக்கு நேரமாவுது."