பரிசல்காரரின் முழுக்கு

போன மாதம் என் மகனுக்குச் சர்க்கார் வக்கீல் வேலை கிடைத்தது. முதல் வழக்கிலேயே ஒருவனுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். "அந்த ஆளு என்னடா சொன்னான்?" என்று கேட்டேன். "நான் பண்ணலைன்னான். எல்லாரும்தாம்மா அப்படிச் சொல்றாங்க" என்று மோரை ஊற்றிக்கொண்டான். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அதே வார்த்தைகளை, அதேபோலச் சோற்றைப் பிசைந்துகொண்டே, என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

அப்பா தர்மபுரி கோர்ட்டில் சர்க்கார் வக்கீல். ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்டிஸ்டு சபையின் மூப்பர். எங்கள் சபையில் குழந்தைகளுக்குத் தண்ணீர் தெளிப்பதில்லை. வளர்ந்தவர்கள் தாங்களாகக் கேட்டு வந்தால், ஆற்றில் முழுக்க அமிழ்த்தித்தான் ஞானஸ்நானம். ஊரில் எங்களுக்கு 'முழுக்கு வேதக்காரங்க' என்று பேர். யுத்தத்தில், சபையை நடத்திவந்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போய்விட்டதால் முழுக்குக் கொடுக்கும் பொறுப்பும் அப்பாவிடம் வந்தது. வந்ததும் அவர் ஒரு விதியைச் சேர்த்தார். 'நான் பாவி' என்று பொதுவாகச் சொன்னால் போதாது. என்னென்ன செய்தேன் என்று தண்ணீரில் நின்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். குற்றச்சாட்டு தெளிவாக இல்லாவிட்டால் வழக்கு நிற்காது என்பது கோர்ட்டில் அவர் கற்ற பாடம். சபையில் யார் யார் கோழி திருடியவர்கள் என்பது சிறுபிள்ளைகளான எங்களுக்கும் தெரிந்திருந்தது.

அந்த வருஷம் முழுக்குக் கேட்டு வந்தவர் ஒகேனக்கல் பரிசல்காரர் ஒருவர். பென்னாகரத்துப் பண்ணையின் உழவு மாடுகளைத் திருடி, ஆற்றைத் தாண்டி அக்கரையில் விற்றுவிட்டார் என்று அப்பா வாதாடி, ஆறு மாதம் ஜெயிலுக்கு அனுப்பிய ஆள். கோர்ட்டில் அவரும் 'நான் பண்ணலை' என்றுதான் சொன்னாராம். சாப்பாட்டின்போது அப்பா அந்த வார்த்தைகளைச் சொன்னது தீர்ப்பு வந்த அன்றைக்குத்தான். ஜெயிலில் கூட இருந்த கைதி வேதம் வாசிக்கக் கேட்டு மனம் திரும்பினாராம். வெளியே வந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, "வக்கீலய்யா கையாலதான் முழுவணுங்க" என்று நின்றார்.

அம்மா அப்பாவை உள்ளே கூப்பிட்டாள். "தண்ணியில அவன் ராசாங்க. உங்களுக்கு நீச்சலே தெரியாது. உள்ள இழுத்துக்கிட்டுப் போயிட்டான்னா?"

"மனந்திரும்பினவன் எதுக்கு இழுக்கறான்? மாட்டு விஷயத்தையும் எல்லார் முன்னாலயும் சொல்லிட்டான்னா எனக்கும் நிம்மதி" என்றார் அப்பா. அவருக்கு என்ன நிம்மதிக் குறைவு என்று நான் யோசிக்கவில்லை.

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் கரி கேஸில் ஓடிய பஸ்ஸில், மேட்டில் இறங்கித் தள்ளித் தள்ளி, ஒகேனக்கல் போய்ச் சேர்ந்தோம். அம்மா புளிச்சோற்றுக் கூடையின் அடியில் கிணற்றுக் கயிற்றை ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள். அருவிக்கு வெகுதூரம் மேலே, ஆறு சத்தமில்லாமல் போகும் ஒரு துறை. சபையார் கரையில் நின்று பாடினார்கள். அப்பா வேட்டியை இறுக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். பரிசல்காரர் எதிரே நின்றார்.

பரிசல்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். சாராயம் குடித்தது. பெண்டாட்டியை விறகால் அடித்தது. நடு ஆற்றில் பரிசலை நிறுத்திக் கூடக் கூலி கேட்டது. அதோடு நிறுத்திக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு இருக்கே" என்றார் அப்பா.

"அது நான் பண்ணலைங்க வக்கீலய்யா."

கரையில் சலசலப்பு. சபையில் மூத்த பெரியவர் ஒருவர், "ஒத்துக்கிட்டு முழுவு. இல்லன்னா கரையேறிடு. மத்தவங்கல்லாம் சொல்லல?" என்று அதட்டினார்.

பரிசல்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவையே பார்த்தார். "உள்ள இருந்துட்டு வந்துட்டனுங்க. இனி பொய் சொல்லி எனக்கு என்னா ஆவப்போவுது? ஒத்துக்கிட்டாத்தான் முழுக்குன்னா ஒத்துக்கறேன். ஆனா சாமிக்கு முன்னால பொய் சொன்னதா ஆயிடுமே. எது செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

கோர்ட்டில் அப்பா பதிலுக்குத் தயங்கியதில்லை என்பார்கள். அன்று அவர் பரிசல்காரரை நோக்கி ஓர் அடி எடுத்துவைத்தார். அம்மாவின் கை கூடைக்குள் இருந்தது.

பிறகு அப்பா எதுவும் கேட்காமல் ஒரு கையை அவர் முதுகில் கொடுத்து, மறு கையால் அவர் கைகளைப் பிடித்துத் தண்ணீருக்குள் சாய்த்தார். தூக்கும்போது அப்பாவின் கால் தடுமாறியது. மேலே வந்த பரிசல்காரர், கண்ணில் வழிந்த தண்ணீரைக்கூடத் துடைக்காமல் அப்பாவின் இடுப்பை வளைத்துப் பிடித்தார். "பாத்துங்க. இங்க பாறை வழுக்கும்."

அம்மா கயிற்றை விட்டாள்.

பாட்டு முடிந்தது. எல்லாரும் பரிசல்காரரைச் சூழ்ந்துகொண்டு, துணி மாற்ற மரத்தடிக்குப் போனார்கள். அப்பா மட்டும் கரையேறவில்லை. முதுகைக் காட்டியபடி தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தார். திடீரென்று தலை மறைந்தது. பிடிக்க ஒருவருமில்லாமல் உள்ளே போய், தூக்க ஒருவருமில்லாமல் தானாகவே எழுந்தார். எங்கள் சபையில் ஒருவருக்கு ஆயுளில் ஒரே முழுக்குத்தான். அப்பாவுக்கு அது எப்போதோ ஆகியிருந்தது.

"அப்பா வழுக்கி வுழுந்துட்டாரு!" என்று கைதட்டிச் சிரித்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

திங்கட்கிழமை அப்பா வழக்கம்போலக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். ஆனால் அதற்குப் பிறகு முழுக்கின்போது யாரிடமும் அவர் எதையும் கேட்டதில்லை. 'பாவி' என்று சொன்னாலே போதும் என்று விட்டுவிட்டார். வீட்டில் வழக்குகளைப் பற்றிப் பேசுவதும் நின்றுபோனது.

என் மகனிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறேன். சொன்னால் சிரிப்பானோ என்று பயமாக இருக்கிறது. அன்று திரும்பி வரும் பஸ்ஸில் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பாவின் ஈரத்தலை என் பக்கத்தில் குனிந்திருந்தது.

"அவருதான் முன்னாடியே சொன்னாரேப்பா, நீங்க ஏன் கேக்கல?" என்றேன்.

"சொன்னாரும்மா" என்றார் அப்பா. "நான்தான் கேக்கல."

பாறையைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன்.