ராமசெல்வியின் ஆறாவது பாத்தி

சடையங்குப்பத்தில் எது செத்தாலும் பழி முதலில் பக்கத்து கெமிக்கல் கம்பெனிக்குத்தான். மீன் மிதந்தால் கம்பெனி, ஆடு நுரை தள்ளினால் கம்பெனி. பாதி நேரம் அது உண்மையும்கூட. அதனால் இரண்டு தடவை விதைத்தும் சிறுகீரை முளைக்காதபோது ராமசெல்வி வேறெதையும் யோசிக்கவில்லை.

தூத்துக்குடிப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷம். புருஷன் சண்முகவேல் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார். ஏறிப் போனால் நாலு நாள் கழித்துத்தான் வீடு. அவளுக்கு அத்தாவுல்லா பாயின் பத்து சென்ட்டும் அதிலுள்ள ஆறு பாத்தியும்தான் உலகம். பாயோடு பேச்சு ஒன்றே ஒன்று. பயிர் நிற்கும்வரை நிலம் அவளுக்கு. தரிசாகக் கிடந்தால் டிரெய்லர் நிறுத்த விட்டுவிடுவார். மூன்றாம் விதைப்பைப் பார்க்க வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்து வருகிறேன் என்றிருந்தார். இன்று வெள்ளி.

விதைத்து நாலாம் நாள். மேலே போட்ட சருகை ஒதுக்கிப் பார்த்த ஐந்து பாத்திகளிலும் பச்சையே இல்லை. களைகூட இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சிவந்தி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, மொட்டை போட்ட தலையாட்டம் கீது?"

"தண்ணியைக் கெடுத்துட்டானுவ. சாயங்காலம் மனு குடுக்கப் போறேன். தெருவே கையெழுத்துப் போட்டிருக்கு, நீயுந்தான்."

"நீ நீட்டுன, நான் போட்டேன். அதே தண்ணிதான் என் வெண்டைச் செடிக்கும் ஊத்துறேன். காய் தொங்குது பாரு. வெண்டைக்கா இன்னா கம்பெனிக்காரனுக்கு மச்சானா?"

"வாயை மூடுட்டி."

சொல்லிவிட்டாளே ஒழிய, அந்த வெண்டைக்காய் கண்ணில் உறுத்தியது. ஆறாவது பாத்தியை மூடியிருந்த பழைய பிளக்ஸ் பேனரை வெடுக்கென்று இழுத்தாள்.

நாற்று ஊசி ஊசியாக நெருக்கியடித்து நின்றது.

ஒரே விதை, ஒரே நாள், ஒரே தண்ணீர். புறாவும் எறும்பும் விதையை இழுக்காமலிருக்க மேலே மூடுவது வழக்கம். முன்பெல்லாம் வைக்கோல். அது கிடைக்காமல் போனதும், பக்கத்துக் குடோன் வளாகத்துத் தைல மரச் சருகைச் சாக்குச் சாக்காக அள்ளி வந்தாள். சும்மா கிடைக்கிறது, மக்கினால் எருவும் ஆகும் என்று மண்ணிலும் கொத்திவிட்டாள். இந்தத் தடவை ஐந்து பாத்தியோடு சருகு தீர்ந்துபோக, புதிதாக வெட்டிய ஆறாவதுக்குப் பிளக்ஸ்.

ஒரு பிடி சருகைக் கசக்கி முகர்ந்தாள். மூக்கில் ஏறியது. அந்த மரங்களுக்கடியில் ஒரு புல் கிடையாது. பெருக்குவதற்கு எவ்வளவு வசதி என்று அவளே மெச்சியிருக்கிறாள். மழை பட்டாலும் தண்ணீர் விட்டாலும் இலையின் சாறு மண்ணில் இறங்கும். விதையின் கழுத்தைத் தன் கையாலேயே நெரித்திருக்கிறாள்.

பாயின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவர் பாத்திகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கம்பெனித் தண்ணின்னு ஊரே சொல்லுது. தண்ணி கெட்டுப்பூட்டா கீரை ஏதும்மா? டிரெய்லர்காரன் திங்கக்கெழமை வரேன்றான்."

தலையை ஆட்டினால் மானம் மிஞ்சும், நிலம் போகும். வேலியோரம் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. சிவந்தி காதைத் தீட்டிக்கொண்டுதான் இருப்பாள்.

"தண்ணியில்ல பாய்" என்றாள் ராமசெல்வி. "நான்தான். தைல மரத்து எலையைப் போட்டுக் கெடுத்துட்டேன். இந்தப் பாத்தியில போடல, பாருங்க."

பாய் குனிந்து நாற்றைத் தடவினார்.

"அப்ப அந்த மனு?"

"கிழிச்சிருதேன். கம்பெனிக்காரன் யோக்கியன்னு சொல்லல. இது அவன் செஞ்சதில்ல."

"எத்தினி நாள் ஆவும்?"

"சருகை வழிச்சு, மண்ணை அலசி விட்டு, திரும்ப விதைக்க... ஒரு மாசம்."

"இருவது நாள். அப்பால என்னாண்ட பேசாத."

ஸ்கூட்டர் திரும்புவதற்குள் ராமசெல்வி முதல் பாத்தியில் உட்கார்ந்துவிட்டாள். கொத்திவிட்ட இலை மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடந்தது. விரலால்தான் பொறுக்க வேண்டும். சிவந்தி ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தபடி வேலியைத் தாண்டி வந்து, இரண்டாம் பாத்தியில் குந்தினாள்.

"தெருவுக்கு நீயே சொல்லிக்கோக்கா. நான் சொன்னா சிரிச்சிடுவேன்."