விஜயதசமியில் ஏற்றியது

எங்கள் வீட்டில் ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்கும் சந்தனப் பொட்டு உண்டு. மானிட்டரின் நெற்றியில் ஒன்று, சி.பி.யு.வுக்கு ஒன்று, மவுஸுக்கு இடம் பார்த்துச் சின்னதாக ஒன்று. அக்காவின் பிளாப்பிகளும் பொரி கடலையோடு சாமி முன்னால் உட்கார்ந்திருக்கும். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. இது அம்மாவின் சட்டம், மேல்முறையீடு கிடையாது.

பிள்ளையார்பாளையத்தில் வீட்டின் முன்னறையில் அக்காவும் நானும் பட்டுப் புடவைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பெரும்பாலும் மற்றவர்கள் கொண்டுவரும் பழைய கரைகளைக் கட்டம் கட்டமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைதான். அக்கா சொந்தமாக ஒரு கரை வரைந்து, அதை நெய்ய ஒருவர் ஒப்புக்கொண்டது அந்த வருடம்தான் முதல்முறை. திரும்பிப் பார்த்தபடியே வரிசையாகப் போகும் அன்னங்கள். முசரவாக்கத்து நெசவாளர் தறியில் நீளவாட்டு நூலான பாவை ஏற்றிவிட்டு வந்து சொன்னார்:

"வெள்ளிக்கிழமைக்குள்ள அட்டை வந்துடணும்மா. வராட்டி இருக்கிற மயில் அட்டையையே மாட்டிக்கினு ஓட்டிடுவேன்."

துளை போட்ட அட்டைகள் தறியின் மேல் சுழன்றால்தான் கரையில் உரு விழும். பிளாப்பியில் டிசைனைக் கொடுத்தால், ஊருக்குள் ஒருவர் மெஷினில் அட்டை குத்திக் கொடுப்பார். ஒருமுறை மயிலுக்கு விட்டுக்கொடுத்தால் அக்காவின் அன்னத்துக்கு அப்புறம் எந்தத் தறியில் இடம் கிடைக்கும்?

விஜயதசமி அன்று எதையாவது புதிதாகத் தொடங்கியாக வேண்டும். கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் புதிய பதிப்பு வந்திருந்தது. பழையது திணறுகிறது என்று அக்கா அந்த சிடியை வாங்கி வைத்திருந்தாள். டிசைனை முந்தின நாளே நகல் எடுத்திருக்கலாம், ஆனால் பிளாப்பிகள் சாமியிடம் இருந்தன. காலையில் நகல் எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றலாம் என்றால் அம்மா கற்பூரத் தட்டோடு பின்னால் நின்றுகொண்டாள்.

"ராகு காலம் வந்துக்கினே இருக்குது. மொதல்ல அதை ஏத்துங்கடி."

ஏற்றினோம். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்றானது கதை. திரை என்னவோ பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பிளாப்பி டிரைவ் என்று ஒன்று இருப்பதே புதிய பதிப்புக்குத் தெரியவில்லை. பிரிண்டரையும் தெரியாது என்றது. கொஞ்ச நேரம் வேலை செய்தால் மவுஸ் அம்பு அப்படியே நின்றுவிடும், பிறகு திரை முழுக்க நீலமாகிவிடும். அன்னங்கள் உள்ளே பத்திரமாக இருந்தன, வெளியே கொண்டுவரத்தான் வழியில்லை. பழைய பதிப்பையே திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு டிஸ்க்கை மொத்தமாகத் துடைக்க வேண்டும், அன்னங்களும் அதோடு போகும். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கலாம் என்பதெல்லாம் அப்போது எங்களுக்கும் தெரியாது, எங்களுக்குத் தெரிந்தவர்களுக்கும் தெரியாது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மானிட்டரைத் திட்டினேன், சிடியைத் திட்டினேன், ராகு காலத்தையும் விடவில்லை. அக்கா அலமாரியைத் திறந்து கிராப் தாளையும் பென்சிலையும் எடுத்து வந்தாள்.

"திட்டினது போதும். தெரியற வரைக்கும் ஒவ்வொரு வரியா சொல்லிக்கினே வா. நான் போட்டுக்கிறேன்."

அப்படித்தான் அந்த வேலை தொடங்கியது. நான் திரையில் விரல் வைத்து, வெறும் கட்டம் இத்தனை, ஜரிகை இத்தனை என்று படிக்க, அவள் தாளில் கட்டங்களை நிரப்பிக்கொண்டே போனாள். அம்பு நின்றுவிடும்போதெல்லாம் நான் பல்லைக் கடிப்பேன். அவள் அந்த நேரத்தில் பென்சில் சீவுவாள், கையை உதறிக்கொள்வாள், எந்த வரியில் விட்டோம் என்று தாளைப் பார்த்துச் சொல்வாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. போகப்போவது அவளுடைய அன்னம், துடித்துக்கொண்டிருந்தது நான்.

கடைசி வரியும் முடிந்ததும் பழைய சிடியை எடுத்தாள். விஷயம் புரிந்ததும் அம்மா பதறிப்போனாள்.

"விஜயதசமில ஏத்தினதை எறக்குவாங்களா?"

"அதுவே எறங்கிடறேன்னு அழுவுது. நாம இன்னா பண்றதும்மா?" என்றாள் அக்கா.

எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அக்கா தயங்காமல் விசையைத் தட்டினாள். நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பழைய பதிப்பு, மூஞ்சி அதே பழைய மூஞ்சிதான், வந்து உட்கார்ந்தது. பிளாப்பியைப் போட்டதும் டிரைவ் கரகரத்தது. அந்தச் சத்தம் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு தாளைப் பார்த்து டிசைனைத் திரும்ப ஏற்றினோம். அன்னத்தின் கழுத்தருகே வந்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது. நான் படித்தது வேறு மாதிரி நினைவில் இருந்தது.

"அக்கா, இங்க தப்பா போட்டுட்டியா?"

"இல்ல. மொதல்ல போட்டது கொஞ்சம் வெறைச்சிக்கினு இருந்துச்சு. எழுதும்போதே மாத்திட்டேன்."

எந்த நிமிடம் திரை நீலமாகுமோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தபோது, இவள் அன்னத்தின் கழுத்து அழகாக வளைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் அக்கா என்பதால் சொல்லவில்லை, அந்த மாதிரி ஒரு நிதானத்தை அதற்குப் பிறகு நான் யாரிடமும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அட்டை முசரவாக்கம் போய்ச் சேர்ந்தது. நெய்து முடித்துத் தறியிலிருந்து புடவையை அறுத்ததும் நெசவாளர் அதை எங்களிடம் காட்டவே மொபெட்டில் எடுத்துவந்தார். பாயில் கரையை விரித்து, அன்னத்தின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னா இருந்தாலும் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர்தாம்மா. கழுத்தை எப்படி வளைச்சிருக்குது பாரு. மனுசன் கையில இது வருமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அடுத்த பாவு எப்ப ஏத்தறீங்க?"