அவள் எடுக்காத படம்

விளம்பரங்களுக்குப் புகைப்படம் எடுப்பவள் அவள். முன்பு நம்பிய ஏஜென்ட் அவள் படங்களை வேறொருவர் பெயரில் விற்றுவிட்டான். அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் சந்தேகம். ஆனால் ஏஜென்ட் இல்லாமல் பெரிய கம்பெனிகளின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. அதனால் இன்று ஸ்டுடியோவுக்கு வந்த புதிய ஏஜென்ட் பெண்மணியைச் சோதிக்க, தன் ஆல்பத்தின் நடுவே கணவன் எடுத்த ஷாம்பு பாட்டில் படத்தைச் செருகியிருந்தாள்.

“அவங்களுக்குக் கண்ணு இருக்கான்னு பாத்துடலாம்,” என்று கணவனிடம் கிசுகிசுத்தாள்.

“என் படம் அவ்வளவு மட்டமா?” என்றான் அவன்.

ஆல்பத்தைப் புரட்டிய ஏஜென்ட் அந்தப் படம் இருந்த பக்கத்தில் நிறுத்தினார்.

“மத்த எல்லாத்துலயும் வெளிச்சம் இந்த ஜன்னல் பக்கமிருந்து வருது. இதுல மட்டும் நேரா முன்னாலேருந்து அடிக்குது. இது நீங்க எடுத்ததில்லையேம்மா.”

அவள் நெஞ்சு குளிர்ந்தது. “உங்களைச் சோதிக்கத்தான் வச்சேன் மேடம். இவரு எடுத்தது,” என்று கணவனைக் காட்டினாள்.

ஏஜென்ட் சிரிக்கவில்லை. “மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. மத்ததெல்லாம் யாரு எடுத்தது?” என்று கைப்பையை எடுத்தார்.

முதலில் சந்தேகப்பட்டவளே அவள்தான்; எந்த வாயால் நியாயம் கேட்பது? அவள் ஒரு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுவிட்டுக் கேமராவைக் கையில் எடுத்தாள்.

“உக்காருங்க மேடம். உங்க கண்ணு முன்னாலேயே எடுக்கிறேன்.”