பிளேடில் குத்திய எலுமிச்சம்பழம்

மகளுக்குப் பனிச்சறுக்குச் சப்பாத்து வாங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. எங்கள் ஊர் புக்கிட் பெலிம்பிங்கில் குளிர் என்றால் அடைமழை நாளில் கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான். இந்த ஊரில் பிறந்துவிட்டு என் பிள்ளைக்குப் பனிக்கட்டிமேல் பைத்தியம். பள்ளிச் சுற்றுலாவில் தலைநகரத்துப் பேரங்காடி ஒன்றின் பனிச்சறுக்கு அரங்கில் சறுக்கிப் பார்த்தவள் அதோடு விடவில்லை. சனிக்கிழமை தவறாமல் அவளைக் காரில் அங்கே கூட்டிப்போவேன். அவள் உள்ளே பயிற்றுநரிடம் சறுக்கப் பழகுவாள், நான் ஓரமாக உட்கார்ந்து நடுங்குவேன்.

வாடகைச் சப்பாத்தில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். சொந்தச் சப்பாத்து வந்த பிறகுதான் வம்பு. இடது காலில் மட்டும் நின்று சறுக்கினால் நேரே போகாமல் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். ஒற்றைக் காலில் நேராகப் போனால்தான் அடுத்த வகுப்பு. பயிற்றுநர் கணுக்கால் பலவீனம் என்றார். மகள் ஒற்றைக் காலில் நின்று பல் விளக்கினாள், ஒற்றைக் காலில் நின்று சாப்பிட்டாள். சறுக்கும்போது இழுப்பைச் சமாளிக்க உடம்பை வலப்பக்கம் சாய்த்துப் பழகிக்கொண்டாள். அப்படியும் பாதி தூரத்தில் இழுத்துவிடும்.

“என் காலுதாம்மா கோணல்,” என்றாள் ஒரு நாள் காரில். “எனக்கு வராது. நிப்பாட்டிடலாம்.”

எதையும் லேசில் விடுகிற பிள்ளை இல்லை அவள்.

அந்த நேரம் பார்த்து ஆயுதபூசை வந்தது. என் வீட்டுக்காரர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். லோரிக்கு மாலை போட்டு, அரிவாள், புல்வெட்டும் மெஷின், என் தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். கூராக எது கண்ணில் பட்டாலும் விடமாட்டார். அந்தச் சப்பாத்தையும் கவிழ்த்து வைத்து, அடியிலுள்ள பிளேடு நெடுகப் பொட்டு வைத்து, முனையில் எலுமிச்சம்பழம் குத்திவிட்டார். பூசையில் வைத்ததை மறுநாள்வரை யாரும் தொடமாட்டோம். எடுத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் துரு.

“அப்பா, அது ஆயுதம் இல்லப்பா!” என்று மகள் அழுதாள்.

“உனக்கு அதாம்மா ஆயுதம்,” என்றார் அவர், ஒன்றும் புரியாமல். “இடது காலுக்கு நல்லா வரணும்னுதான் அதுல மட்டும் ரெண்டு பழம் குத்துனேன்.”

இந்த மனிதரை என்ன செய்வது? சப்பாத்தைத் துணியால் துடைத்துப் பையில் போட்டேன்.

சறுக்கு அரங்கில் பிளேடு தீட்டுகிறவர் துருவைத் தேய்த்து எடுத்தார். இடது பிளேடை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளேடே கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருப்பதுபோல் தெரிகிறது, தன்னால் அடித்துச் சொல்ல முடியாது, தயாரித்த கம்பெனியைக் கேளுங்கள் என்றார். அப்படியானால் கோணல் காலிலா, இரும்பிலா? பயிற்றுநரைக் கேட்டால் இரண்டும் இருக்கலாம் என்றார்.

கம்பெனி வெளிநாட்டில் இருந்தது. எழுதினேன். படம் கேட்டார்கள். பிளேடு தெளிவாகத் தெரிந்தது பூசையன்று எடுத்த படத்தில்தான் என்று அதையும் சேர்த்து அனுப்பித் தொலைத்தேன். அந்த மஞ்சள் பசை என்ன, சிவப்புத் தூள் என்ன, பழம் எதற்கு என்று பதில் வந்தது. ஆண்டுக்கு ஒரு நாள் எங்களுக்குச் சோறு போடும் கருவிகளைக் கும்பிடுவோம் என்று விளக்கினேன். அவர்களுக்கு என்ன புரிந்ததோ, பழங்களால் ஏற்படும் சேதத்துக்கு உத்தரவாதம் செல்லாது என்று எழுதிவிட்டார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! எலுமிச்சை துருப்பிடிக்க வைக்கும், சரி. இரும்பை முறுக்குமா? கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். புதுப் பிளேடுகூட வேண்டாம், குறை உங்கள் பிளேடில்தான், என் மகள் காலில் இல்லை என்று ஒரு வரி எழுதிக்கொடுங்கள், அவளிடம் காட்ட வேண்டும் என்று கேட்டேன்.

சப்பாத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். கடைசியில் பதில் வந்தது: எந்தக் குறையையும் ஏற்றுக்கொள்ளாமல், நல்லெண்ணத்துக்காக மட்டும் புதுச் சப்பாத்து ஒரு சோடி அனுப்புகிறோம். குறையே இல்லையென்றால் எதற்குப் புதுசு? குறை இருந்தால் சொல்ல என்ன வலிக்கிறது? நான் கேட்ட அந்த ஒரு வரி மட்டும் வரவில்லை.

புதுச் சப்பாத்து வந்ததும் வீட்டுக்காரரும் எங்களோடு அரங்குக்கு வந்தார். பிளேடைத் தொடாமல், சப்பாத்தின் குதிகால் தோலில் மட்டும் சின்னதாக ஒரு பொட்டு வைத்திருந்தார். மகள் இடது காலில் நின்று சறுக்கினாள். பழக்கத்தில் எப்போதும்போல் உடம்பை வலப்பக்கம் சாய்த்துத்தான் நின்றாள். போனது நேராக இல்லை, வலப்பக்கம்.

எனக்கு உயிரே போய்விட்டது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் பயிற்றுநரைப் பார்த்தேன். மகள் அரங்கின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் காலையே பார்த்தபடி நின்றாள். அழப்போகிறாள் என்று எழுந்து ஓடினேன்.

“அம்மா,” என்றாள். “அப்ப இடது பக்கம் இழுத்துச்சு. இப்ப வலது பக்கம் இழுக்குது. ஒரே காலு எப்படிம்மா ரெண்டு பக்கமும் கோணலா இருக்கும்?”

நான் பதில் சொல்வதற்குள் கம்பியை விட்டுவிட்டு, உடம்பை நிமிர்த்திக்கொண்டு மறுபடியும் சறுக்கப் போய்விட்டாள்.