கல்வட்டத்துக் குழவி

"உங்கள ஒரு அம்மா தேடிட்டு இருக்குதுங்க. கையில கெடைச்சீங்கன்னா நல்லா வாங்கிக் கட்டிக்குவீங்க."

டீக்கடை வேலுச்சாமி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் தாங்கியது? ஒரு டீ குடிக்கும் நேரம்.

வேலுச்சாமியைப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக — கோத்தகிரிப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து வளைவில் கடை வைத்திருப்பவர். அப்பா காலத்தில் அன்னூரிலிருந்து மலையேறிய குடும்பம். பனி இறங்கினால், "மலை போர்வைய தலை வரைக்கும் இழுத்துக்கிச்சுங்க" என்பார். இப்படி அவர் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்கத்தான் அங்கே எப்போதும் இரண்டாவது டீ சொல்வது.

அவர் கடைக்கு மேலே ஒரு புல்மலை. சில மாதங்களுக்கு முன் இதே பக்கத்தில் எழுதியிருந்தேனே, நினைவிருக்கிறதா? தேயிலை முடிகிற இடத்தில் ஒற்றையடிப் பாதை. அரை மணி நேரம் மூச்சு வாங்கினால் உச்சி. மரம் கிடையாது. அலை அலையாகப் புல் மட்டும். மடிப்புகளில் கறுப்பாகச் சோலைக்காடு. அந்த உச்சியில் ஒரு கல்வட்டம். இடுப்புயரக் கற்கள், சில சாய்ந்து, சில புதைந்து... மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரையோ புதைத்து, சுற்றிலும் நட்டு வைத்த கற்கள்.

எனக்கு இந்தக் கற்கள் மேல் ஒரு கிறுக்கு. லீவு கிடைத்தால் கல்வட்டம், கல்திட்டை என்று எங்காவது ஏறிவிடுவேன். என் மனைவி கேட்பாள் — "உயிரோட இருக்கற சொந்தக்காரங்க ஊட்டுக்கு இப்படி ஒரு நாளாவது போயிருக்கீங்களா?" 

அந்தக் கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தேன். வட்டத்தின் நடுவே தனியாக ஒரு சின்னக் கல் கிடந்தது. வழவழவென்று, அம்மிக் குழவி மாதிரி, ஒரு முழத்துக்கும் குறைவு. "மூவாயிரம் வருஷமாகத் தாய் மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் போல" என்று எழுதினேன். அதோடு விட்டேனா? "அந்தக் காலத்து அரைகல்லாக இருக்கலாம்" என்று ஒரு ஊகத்தையும் சேர்த்தேன். எழுதி முடித்துவிட்டு நானே இரண்டு முறை படித்து ரசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"நீங்க எழுதுனதுக்கப்புறம் சனி, ஞாயிறு ஆனா காருங்க. போண்டா பத்த மாட்டேங்குது" என்றார் வேலுச்சாமி. "ஆனா மேல அந்தச் சின்னக் கல்லக் காணோமுங்க. நம்ம தெய்வானையக்கா நாலு நாளா அங்கயே போயி உக்காந்துருக்குது."

"கல்லுக்காகவா?"

"என்னைய ஏனுங்க கேக்கறீங்க? மேல போயி அதுகிட்டயே கேளுங்க. செருப்பக் கழட்டிட்டு ஓடறதுக்குத் தோதா நில்லுங்க."

ஏறினேன்.

கல்வட்டத்துக்கு வெளியே, புல்லில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. அறுபத்தைந்து தாண்டியிருக்கும். நைட்டிக்கு மேல் ஆம்பளை ஸ்வெட்டர், தலையில் துண்டு. கொழுந்து பறித்த விரல்கள் — நுனியில் கறுப்பு இன்னும் போகவில்லை. வட்டத்துக்குள் பாலிதீன் கவர்களும் ஒரு தண்ணீர் பாட்டிலும் கிடந்தன.

"பேப்பர்ல எழுதுறவரு நீங்கதானா?"

"ஆமாங்க அக்கா."

"மூவாயிரம் வருஷம்னு எழுதுனீங்களாமே. யாரு சொன்னா?"

"இந்தக் கல்லுங்க எல்லாம் அவ்வளவு பழசுங்கக்கா..."

"அதுங்க பழசுதான். நடுவுல இருந்தது என்னுது."

 நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தெய்வானையக்கா பிறந்தது இலங்கைத் தோட்டத்தில். அங்கே லயத்தில் — நம் ஊரில் லைன் வீடு என்கிறோமே, அதில் — வளர்ந்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே முதல் பிள்ளை. ஒன்பது மாசத்துப் பையன். "காய்ச்சல் லேசாத்தான் இருந்திச்சி. புள்ளக்காம்பராவுல விட்டுட்டுக் கொழுந்தெடுக்கப் போனேன்" என்றார். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் அறைக்கு அங்கே அந்தப் பெயர். "சாயங்காலம் வந்து பாத்தா..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நாற்பது சொச்சம் வருஷமாக முடிக்காத வாக்கியம். நான் யார் முடிக்கச் சொல்ல?

தேயிலை ஓரமாகப் புதைத்து, ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து வந்து அடையாளம் வைத்தார்கள். அடுத்த வருஷமே இந்தியாவுக்குப் போகச் சொல்லி உத்தரவு. கப்பலுக்குப் பெட்டி கட்டும்போது, புருஷனுக்குத் தெரியாமல் அந்தக் கல்லைச் சேலைக்கு நடுவே சுருட்டி வைத்துவிட்டார்.

"கப்பல் ஏறுற எடத்துல, தலைமன்னார்ல, பெட்டியக் கொட்டிப் பாத்தாங்க. ஒரு தமிழ் ஆபீசரு. 'இது என்னா?'ன்னாரு. 'அம்மிக் கொழவிங்க'ன்னேன். 'அம்மி எங்க?'ன்னாரு. எனக்கு வாய் அடைச்சிப் போச்சி. அத இப்பிடியும் அப்பிடியும் திருப்பிப் பாத்தாரு. என் மூஞ்சியப் பாத்தாரு. திரும்ப உள்ள வச்சிட்டாரு."

நீலகிரியில் வேலை கிடைத்தது. லைன் வீட்டுக்குள் அந்தக் கல்லை வைக்கப் புருஷன் விடவில்லை. விறகுக்கு இந்த மலை ஏறிய அக்கா, வட்டத்தைப் பார்த்தார்.

"பாத்தவொடனே தெரிஞ்சிச்சிங்க, இது ஆளப் பொதைச்ச எடம்னு."

நான் எத்தனை புத்தகம் புரட்டித் தெரிந்துகொண்டேன் இதை! அவருக்குப் பார்த்தவுடன் தெரிந்திருக்கிறது.

"பெரியவங்க யாரோ படுத்திருக்காங்க. தனியா விடுறதுக்கு இது பரவாயில்ல, பாத்துக்குவாங்கன்னு நடுவுல வச்சேன். இத்தன வருஷமா பாத்துக்கிட்டாங்க. நீங்க எழுதுற வரைக்கும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. சும்மா சொன்னார்.

இப்போது ஏன் தேடுகிறார்? தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டாவது மகன், வேலையை விட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆயிற்று. வீட்டில் ஒருவருக்கும் தோட்டத்தில் பெயர் இல்லையென்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மகனிடம் போக பஸ். கல்லையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஏறி வந்திருக்கிறார்.

"அங்கருந்து வர்றப்ப விட்டுட்டு வரல. இங்கருந்து போறப்ப விட்டுட்டுப் போகணுமா, நீங்களே சொல்லுங்க?"

அன்றைக்குப் புதன்கிழமை.

கீழே வந்து வேலுச்சாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். எட்டு வருஷமாக அவரைப் பார்க்கிறேன், ஆற்றும்போது பாதியில் நிறுத்தியது இதுதான் முதல் தடவை.

"இத்தன நாளா எங்கிட்டக்கூட சொல்லலியே அந்தக்கா..." என்றார். அப்புறம், "ஒரு ஸ்கூல் வேன் வந்துச்சுங்க. பசங்க எதையோ கோணிச்சாக்குல தூக்கிட்டு எறங்குனாங்க. நான் வெறகுன்னு நெனச்சேன்."

வேனில் எழுதியிருந்த பெயர் அவருக்கு ஞாபகம் இருந்தது. மறுநாள் காலை அக்காவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் அந்தப் பள்ளிக்கூடத்தில் நின்றோம்.

ஒரு இளம் ஹிஸ்டரி டீச்சர் ஓடி வந்தார். "சார், நீங்களா! உங்க கட்டுரைய வச்சுத்தான் இந்த ஹெரிடேஜ் கார்னரே ஆரம்பிச்சோம்!" அழைத்துப் போய்க் காட்டினார். நாலாம் வகுப்பறையின் மூலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பின்னால் என் கட்டுரை, லேமினேட் செய்து ஒட்டியிருந்தது. உள்ளே சிவப்பு வெல்வெட் துணியின் மேல் — அந்தக் கல்.

"டூரிஸ்ட் யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்களோன்னு பயந்து நாங்களே பத்திரமா எடுத்துட்டு வந்துட்டோம் சார்."

இவரை எப்படிக் குறை சொல்வது?

"என்னாங்க எழுதி வச்சிருக்கு?" தெய்வானையக்கா பெட்டிக்குள் இருந்த அட்டையைக் காட்டிக் கேட்டார். அவருக்கு எழுத்து வராது.

வாசித்தேன். "குழவி. வயது: மூவாயிரம் ஆண்டுகள்."

அக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "நான் சொன்ன பொய்ய இவங்களும் நம்பிட்டாங்களா!"

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆனாலும் கேட்டார், கேட்கத்தானே வேண்டும்? "நீங்கதானே சார் மூவாயிரம் வருஷம்னு எழுதுனீங்க?"

"தப்பா எழுதிட்டேன், டீச்சர்."

இந்தப் பக்கத்தை இத்தனை வருஷமாக எழுதுகிறேன். இந்த மூன்று வார்த்தையைச் சொல்ல எனக்கு இவ்வளவு கனக்கும் என்று தெரியாது.

"அடியில ஒரு பள்ளம் இருக்கும் டீச்சரம்மா" என்றார் அக்கா. "என் பெருவெரல் அதுல உக்காரும்."

டீச்சர் பெட்டியைத் திறந்து கல்லைப் புரட்டினார். பள்ளம் இருந்தது. "இது... ஆதி மனுஷங்க பிடிச்சு அரைக்கறதுக்காகச் செதுக்கினதுன்னு பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேனே..." என்று முணுமுணுத்தார். அக்கா பெருவிரலை வைத்தார். உட்கார்ந்தது.

வகுப்பில் பிள்ளைகள் நாற்பது பேரும் பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்குமா? எழுதுகிறவன் வாய் ஆயிற்றே. ஒரு நல்ல முடிவு கண்ணுக்குத் தெரிந்ததும் பாய்ந்துவிட்டேன். "அக்கா... இங்கயே இருக்கட்டுமே. மழை இல்ல, குளிர் இல்ல. சுத்தி இத்தன புள்ளைங்க. பத்திரமா இருக்கும்."

அக்கா என்னைப் பார்த்தார்.

"பத்திரமா இருக்கும்னுதாங்க அன்னிக்கும் விட்டுட்டுப் போனேன்."

வேலுச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீச்சர் வெல்வெட் துணியோடு கல்லை எடுத்து அக்காவின் இரண்டு கைகளிலும் வைத்தார். எப்படி வைத்தார் என்கிறீர்கள்? தலைப் பக்கம் ஒரு கை கொடுத்து. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் யோசித்துப் பார்க்கிறேன். மூவாயிரம் வருஷத்துப் பழைய சாவு என்றால் நமக்கு மரியாதை வந்துவிடுகிறது; மலையேறுகிறோம், குனிந்து பார்க்கிறோம், செல்ஃபி எடுக்கிறோம், கட்டுரை எழுதுகிறோம். பக்கத்து லைனில் ஒருத்தி நாற்பது வருஷமாகத் தூக்கிக்கொண்டு நடக்கும் சாவு நம் கண்ணில் படுவதேயில்லை. அந்தக் கல்வட்டத்தை நட்டதும் யாரோ ஒரு அம்மாவும் அப்பாவும்தானே? அன்றைக்கு அதுவும் புதுக் கல்தானே?

இந்தத் தடவை மலையின் பெயரை நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கேட்டு எழுதாதீர்கள். சொல்ல மாட்டேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் வழியில் அக்காவிடம் ஒன்று சொன்னேன். "நீங்க கப்பல் ஏறறப்ப சொன்னது பொய் இல்லங்கக்கா. பழைய தமிழ்ல குழவின்னா கைக்குழந்தைன்னும் அர்த்தம் உண்டு."

நின்றுவிட்டார். 

"அப்ப அந்த ஆபீசரு... தெரிஞ்சேதான் விட்டாராக்கும்."

ஞாயிற்றுக்கிழமை வழியனுப்பப் போனேன். வேலுச்சாமி கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார், போண்டா பொட்டலத்தோடு. ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு சாக்கு மூட்டை, பாத்திரக் கூடை. எல்லாம் பஸ் மேலே ஏறிவிட்டது. மடியில் ஒரு துணிப்பை மட்டும். அவர் திரும்பிப் புல்மலையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. பையின் வாயைச் சேர்த்துப் பிடிப்பதிலேயே கவனமாக இருந்தார்.

கண்டக்டர் வந்தார். "ஏனுங்கம்மா, பையக் கீழ வெச்சுட்டுச் சவுரியமா உக்காருங்க. என்னங்க அதுல, இந்தக் கனம் கனக்குது?"

"கொழவிங்க. மடியிலயே இருக்கட்டும்."

அவர் ஒரே ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

சரிதானே... கைக்குழந்தைக்கு ஏது டிக்கெட்?