யார் படகு இறங்கவில்லை என்று கேட்டவர்

ஜெயராணி இறந்துவிட்டார். இன்று காலை, மாரடைப்பு. அவருடைய கணவர் போனில் சொன்னார். உடன் வேலை பார்த்தவரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

பழவேற்காட்டில் பெண்களுக்கான ஓர் உதவி மையத்தில் கவுன்சிலராக இருந்தார். வீட்டில் அடிபட்டு வரும் பெண்களுக்குப் புகார் எழுத, தங்க இடம் தேட, கோர்ட்டுக்குத் துணை போக... பெரும்பாலும் அவர்தான்.

ஒரு செய்திக்காகப் போனபோது முதலில் அவரைப் பார்த்தது லைட்ஹவுஸ் குப்பம் கரையில். மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அவர் மணலில் நின்ற ஃபைபர் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீன் விற்கும் பெண் ஒருவர் கேட்டார்: “இன்னா மேடம், மீனு வாங்க வந்தியா, படகு எண்ண வந்தியா?”

“உன் மீனு செத்து ரெண்டு நாளாச்சி. படகையாவது பாத்துட்டுப் போறேன். அதோ அது யாருது, இன்னிக்கி கடல்ல இறங்கல?”

படகுகளைப் பார்ப்பதன் காரணத்தைப் பொன்னேரி பஸ்ஸில் சொன்னார்.

அடித்த கணவன் கைதானால் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும். அவன் ஜாமீனில் வெளியே வருவதை யாரும் சொல்வதில்லை. ஸ்டேஷனில் கேட்டால் கோர்ட்டில் கேளுங்கள் என்பார்கள். கோர்ட்டில் வக்கீலைக் கேட்கச் சொல்வார்கள். ஜெயிலில், ‘நீங்க அவருக்கு என்ன வேணும்?’

“ஆனா ஜாமீன் கையெழுத்துக்கு ரெண்டு பேரு போவணும் சார். அண்ணன்காரன், மச்சான்காரன்... அன்னிக்கி அவங்க தொழிலுக்குப் போவ முடியாது. கடல் நல்லா இருக்கறப்ப அவங்க படகு கரையில நிக்குதுன்னா, இவன் வர்றான். நான் உடனே பொண்ண ஆரம்பாக்கத்துல ஒரு வீட்டுக்கு அனுப்பிடுவேன்.”

அரசு அலுவலகங்கள் ஒன்றுக்கொன்று சொல்லாததை அவர் கரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பலமுறை சரியாகவே இருந்தது.

ஒருமுறை தவறியது.

அந்தப் பெண்ணை மலர் என்று வைத்துக்கொள்வோம். ஊரைச் சொல்லப்போவதில்லை. இதை எழுத அவர் சம்மதித்திருக்கிறார்.

அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாள். கடலுக்குப் போக வேண்டாம் என்று முதல் நாளே மைக்கில் சொல்லிவிட்டார்கள். எல்லாப் படகும் கரையில்தான் நின்றன.

ஜெயராணி வந்து பார்த்தார். எதுவும் புலப்படவில்லை. திரும்பிவிட்டார்.

மலரின் கணவர் அன்றுதான் ஜாமீனில் வந்தார். இறால் உரிக்கும் ஷெட்டின் வாசலில் அவர் வந்து நின்றபோதுதான் மலருக்கே தெரியும். அவர் அடித்ததில் மலரின் இடது கை மணிக்கட்டு உடைந்தது.

ஆஸ்பத்திரியில் நான் போனபோது ஜெயராணி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மலர் அவரிடம் சொன்னது: “ராக்கெட்டு கிளம்புதுன்னா மைக்கு வெச்சி சொல்றாங்கக்கா. இவன் வர்றத ஒருத்தரும் சொல்லலியே...”

ஜெயராணி அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனார்.

“யாருக்குன்னு மேடம் சொல்றது? அப்படி ஆர்டர் எதுவும் இல்லையே” என்றார் இன்ஸ்பெக்டர்.

“எனக்குச் சொல்லுங்க சார். நான் போய்ச் சொல்லிக்கிறேன்.”

மறுநாளும் போய் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும். கடைசியில், இந்த மாதிரி வழக்குகளில் ஜாமீன் கிடைத்தால் ஸ்டேஷன் ரைட்டர் அவரைப் போனில் கூப்பிடுவது என்று ஏற்பாடானது. அதன்பிறகு அழைப்புகள் வந்தன. பெண்கள் நேரத்தோடு கிளம்பினார்கள்.

எழுத்தில் ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன்.

“இன்னா சார் நீ, ரிப்போர்ட்டர் புத்தி போவாதா? ரைட்டர் நல்ல மனுஷன். அவ்ளோதான்.”

“அவர் டிரான்ஸ்ஃபர் ஆனா?”

“புதுசா வர்றவரு எதிர்ல போய் உக்காருவேன். எனக்கு இன்னா, நாற்காலிக்கா பஞ்சம்?”

சிரித்தார். சத்தமாகச் சிரிப்பவர். ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அடக்கத் தெரியாது.

அடக்கம் நாளை மாலை. போய் வாருங்கள், ஜெயராணி.

இன்று மதியம் ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டரிடம் இருப்பது ஜெயராணியின் சொந்த எண் மட்டுமே. போன் இப்போது அவர் வீட்டில், அழைப்புகளை மகள் எடுக்கிறார். யார் எந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

மையத்தின் எண்ணைச் சேர்க்கச் சொல்லி உடன் வேலை பார்த்தவர் மனு கொடுத்திருக்கிறார். மேலிடத்தில் கேட்டு வெள்ளிக்கிழமை சொல்வதாக இன்ஸ்பெக்டர் கூறினார்.

மலரின் கையை உடைத்த வழக்கில் கணவர் மீண்டும் ஜெயிலில் இருக்கிறார். அவருடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வருவது வியாழக்கிழமை.